ஓட்டை விழாத அண்டா

கேள்வி:

அக்கா, கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்துகிறார்கள். பி.சி.ஏ. முடித்த நான் கடைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பில் கவுண்டரில் இரண்டு, கணக்கு மாமாவிடம் ஒன்று, பெரியப்பா மேஜையில் ஒன்று, வீட்டில் ஒன்று என மொத்தம் ஐந்து. எல்லாம் 2016-இல் வாங்கியவை, ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இதில் ஏறாது, ஐந்தையும் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் சர்வீஸ்காரர். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று நான் சொன்னேன். "ஓசியில் கொடுக்கிறதை நம்பி வியாபாரத்தை ஒப்படைக்கிறதா?" என்றார் பெரியப்பா. அவர் கோயில் கமிட்டி நோட்டீஸ் அடிப்பதற்கு மட்டும் வேர்டைத் திறப்பவர், அதுவும் பழைய எழுத்துருவில். "டாலி ஓடுமா?" என்றார், அந்த மென்பொருளில் கணக்கு எழுதும் மாமா. பில் போடும் அத்தை, "இப்பத்தான் இது கைக்கு வந்துச்சு, மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில் மென்பொருள் குரோமில்தான் ஓடுகிறது. தம்பிக்கு அவனுடைய கேம் கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. என்ன சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தஞ்சாவூர், திருச்சி பக்கத்து அச்சகங்கள், கிளினிக்குகள், சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் தொழில். நிறைய இடங்களில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சில இடங்களில் வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் பட்டது, உங்கள் வீட்டில் நாலு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை என்பது. இதை யாரை நம்பி எடுத்துக்கொள்வது என்பது பெரியப்பாவின் கேள்வி. மாமா கேட்டது ஒரே ஒரு மென்பொருளைப் பற்றி. அத்தை எதையும் கேட்கவில்லை, பயத்தைச் சொன்னார். இவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசினால், அவரவருக்கு வேண்டியது பத்து நிமிடம்தான் இருக்கும், மீதி நேரம் அடுத்தவர் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இனிமேல் கூட்டம் போட வேண்டாம். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போங்கள்.

பெரியப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவர் கேட்டது அசல் வியாபாரியின் கேள்வி. ஒருவன் சரக்கைச் சும்மா கொடுத்தால், அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. நம் ஆட்கள் பலர் இதற்கு "சேவை மனப்பான்மை" என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது உண்மையில் ஒரு பங்கு மட்டுமே. வருடக்கணக்கில் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு அது போதாது, முழுக்கதையும் வேண்டும்.

கதை இதுதான். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் ஓட்டலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற உரிமம் அங்கிருந்து வந்தது. திருத்தியதை வெளியே கொடுத்தால் அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1991 ஆகஸ்டில் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதுதான் லினக்ஸ். அடுத்த வருடமே அதை இதே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் ஆர்வத்தில் எழுதியவர்கள்தான். இன்று லினக்ஸின் கருப்பகுதியில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். இன்டெல்லில் இருக்கிறார்கள், கூகுளில் இருக்கிறார்கள், மைக்ரோசாஃப்டிலேயே இருக்கிறார்கள். இந்த நிறுவனங்கள் விற்கும் சில்லும் வாடகைக்கு விடும் சர்வரும் லினக்ஸில் ஓடியாக வேண்டும். அதனால் ஆள் போடுகிறார்கள்.

உங்கள் பக்கத்தில் குடிமராமத்து என்றால் பெரியப்பாவுக்கு விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாரினார்கள். தன் வயலுக்குத் தண்ணீர் வர வேண்டும் என்றுதான் வந்தார்கள். வாரிய வாய்க்காலில் அடுத்தவன் வயலுக்கும் தண்ணீர் போனது, அதற்காக யாரும் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. லினக்ஸ் நடப்பது இந்தக் கணக்கில்தான். உங்கள் கடை வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வந்தால் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது.

காசு எங்கே வருகிறது என்று அடுத்துக் கேட்பார். கேட்கட்டும். ரெட் ஹேட் என்ற நிறுவனம் பெரிய கம்பெனிகளுக்கு லினக்ஸைப் பராமரித்துக் கொடுத்து ஆண்டுச் சந்தா வாங்கிப் பிழைத்தது. நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பொறுப்பேற்று வேலை செய்து கொடுப்பதற்குக் கூலி. அந்த நிறுவனத்தை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் தொகையைச் சொல்லுங்கள், 'ஓசி' என்ற சொல்லைப் பெரியப்பா மறுபடி எடுக்க மாட்டார். அவர் சட்டைப் பையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான் என்பதையும் போகிறபோக்கில் சொல்லலாம். உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டரும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்று நீட்ட வேண்டாம். உண்மைதான், ஆனால் அவர் சூப்பர் கம்ப்யூட்டர் வைத்துப் பாத்திரம் விற்கவில்லை.

அவர் தொழிலிலிருந்தே இன்னொன்றும் சொல்லலாம். பித்தளை அண்டாவில் ஈயம் போய்விட்டால் யாராவது எடைக்குப் போடுவார்களா? ஈயம் பூசி, மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். ஓட்டை விழுந்தால்தான் எடைக்கு. உங்கள் ஐந்து மெஷினிலும் ஓட்டை இல்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. அதனால் ஓரம் கட்டுகிறார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் இன்றோடு செத்தது என்று எங்கோ உட்கார்ந்து ஒருவர் தேதி குறிப்பதும், இங்கே நாம் அதைத் தலையில் சுமந்துபோய்ப் பழைய இரும்புக்குப் போடுவதும் எனக்கு ஆறவே இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான். ஆனாலும் அந்தக் கோபத்தோடு அத்தையிடம் போனால் வேலை நடக்காது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2010 வாக்கில் ஒரு சின்ன ஆபீஸ், எட்டு மெஷின். முதலாளிக்கு லினக்ஸ் பிடித்திருந்தது, எனக்கோ அப்போது கண்மண் தெரியாத ஆர்வம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் எட்டையும் மாற்றி முடித்தேன். திங்கள் காலை பத்து மணிக்கு, அங்கே பல வருடமாகத் தட்டச்சு வேலை பார்த்த ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். ஒரு கடிதத்தைத் திறந்தார். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதம் அது, புது ஏற்பாட்டில் அந்த எழுத்துரு இல்லை. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்துகட்டி நின்றன. மூடிவிட்டு இன்னொரு கடிதத்தைத் திறந்தார், அப்புறம் மூன்றாவது. பிறகு விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுத்துருவைக் கண்டுபிடித்து ஏற்ற எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் எட்டு பேரும் அவர் கையைப் பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எட்டு மெஷினிலும் பழையபடி விண்டோஸ் வந்தது. தன் வேலையில் கெட்டிக்காரரான ஒரு பெண்ணை ஒரே இரவில் ஒன்றும் தெரியாதவராக ஆக்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மெஷினைக்கூட, அதில் உட்கார்பவர் இல்லாத நேரத்தில் நான் மாற்றியதில்லை.

இதைச் சரியான வரிசையில் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் கிராமங்களையும் சிறு நகரங்களையும் காவல் காக்கும் ஜாந்தார்மரி என்ற படை, 2005 வாக்கில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸ் மென்பொருளை மட்டும் ஓப்பன்ஆபீஸுக்கு மாற்றியது. அடுத்து இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். ஆட்களின் கை இவற்றில் படிந்த பிறகு, 2008-இல்தான் அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைக்க ஆரம்பித்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் எல்லாருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்த நேரம் அது. எப்படியும் பழகித்தான் ஆக வேண்டும் என்றால் இதைப் பழகலாமே என்று போய்விட்டார்கள். இன்று அங்கே பல்லாயிரம் மெஷின்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் தொடும் மென்பொருள் முதலில், இயங்குதளம் கடைசியில். நீங்கள் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறீர்கள்.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி கதையைப் பெரியப்பாவோ சர்வீஸ்காரரோ கொண்டுவரலாம். 2003-இல் முடிவெடுத்து, பத்து வருடத்தில் ஏறக்குறைய 15,000 மெஷின்களை லினக்ஸுக்கு மாற்றிய ஊர் அது. 2017-இல் அதே மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. நடந்த விஷயம், மறுக்காதீர்கள். அரசியல் மாறியதும் காரணம், விண்டோஸை மட்டுமே எதிர்பார்த்த தனித்தனித் துறை மென்பொருள்கள் கடைசிவரை தொந்தரவு கொடுத்ததும் காரணம்.

உங்கள் கடையில் அந்தத் தனி மென்பொருளுக்குப் பெயர் டாலி.

மாமாவுக்கு நேர்மையான பதில், "ஓடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற மென்பொருளை இடையில் வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வீட்டில் பரிசோதனை செய்ய அது சரி, ஒரு கடையின் வரவு செலவை நான் அதில் வைக்க மாட்டேன். லைசென்ஸில் மாட்டுமா, பிரிண்டில் மாட்டுமா, அடுத்த அப்டேட்டில் மாட்டுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட வேண்டிய அன்று மாட்டினால் மாமா உங்களை மன்னிக்க மாட்டார், நானும் அவர் பக்கம்தான் நிற்பேன். அதனால் நாளைக்கே போய், "மாமா, உங்கள் மெஷினில் நான் கை வைக்கப்போவதில்லை" என்று சொல்லிவிடுங்கள். நாலு மெஷினுக்கு ஆகிற செலவு மிச்சமானால், அதில் ஒரு பகுதியைப் போட்டு அவருக்கு மட்டும் விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். லினக்ஸ் வருவதால் தனக்கு நல்ல மெஷின் வருகிறது என்றால், அவர் ஏன் தடுக்கப்போகிறார்? ஜிஎஸ்டி தளம் உலாவியிலேயே ஓடும். கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும்தான் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். சாதாரணக் கூட்டு வியாபாரம் என்றால் ஓடிபி வைத்தே ரிட்டர்னை முடித்துவிடலாம். எப்படியும் அந்த வேலை மாமாவின் மெஷினில்தான் நடக்கப்போகிறது, குழப்பமே இல்லை.

சரி, அத்தை. நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இவரிடம்தான், ஏனென்றால் கவுண்டர் நின்றால் கடை நின்றது.

முதலில் ஒரு நாள் சாயங்காலம், கூட்டம் உள்ள நேரமாகப் பார்த்து, அத்தையின் பின்னால் நின்று ஒரு மணி நேரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். எந்த ஐகானை எந்த மூலையில் தேடுகிறார், தப்பாக ஏற்றிய உருப்படியை எப்படி நீக்குகிறார், பிரிண்ட் வராவிட்டால் முதலில் எதைத் தட்டுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்தால்தான் சில விஷயம் தெரியவரும். ஒரு கடையில் பில் போடும் பெண், பிரிண்டர் தாளை வெட்டும் சத்தத்தை வைத்தே வேலை செய்தார். அந்தச் சத்தம் கேட்டால் பில் முடிந்தது என்று அர்த்தம், திரையைப் பார்க்காமலே அடுத்தவரைக் கூப்பிடுவார். லினக்ஸில் மாற்றிய அன்று தாள் வெட்டப்படாமல் தொங்கியது. டிரைவர் அமைப்பில் தாள் வெட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. நான் அன்று பக்கத்தில் நின்றதால் முதல் பில்லிலேயே கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் "இது சரிப்பட்டு வராது" என்று மத்தியானத்துக்குள் முடிவாகியிருக்கும்.

பில் மென்பொருள் குரோமில் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. லினக்ஸிலும் குரோம் உண்டு, அதே பக்கம், அதே பட்டன். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான் தெரியும், செருகினால் வேலை செய்யும். மின்டின் சின்னமன் பதிப்பில் மெனு இடது கீழ் மூலையில்தான் இருக்கும், திறந்திருக்கும் ஜன்னல்கள் கீழ்ப்பட்டையில் வரிசையாக நிற்கும். விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. அத்தையின் கைப்பழக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று இரண்டையும் அவருக்கே காட்டுங்கள். புது மெஷின் வாங்கினாலும் அவர் மறுபடி பழகத்தான் வேண்டும் என்பது இதுவரை யாரும் அவரிடம் சொல்லாத செய்தி.

காட்டுவதற்கு எதையும் நிறுவ வேண்டாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்டை எழுதிக்கொள்ளுங்கள். மெஷினை ஆன் செய்தவுடன் எஃப்12 விசையை அழுத்தினால், சில பிராண்டுகளில் எஃப்9, எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் முழு மின்டும் அதிலிருந்தே ஓடும், நிறுவு என்ற ஐகானை நீங்களாகத் தொடாதவரை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாது. கடை திறப்பதற்கு முன் ஒரு காலையில் இதைச் செய்து, அத்தையை உட்கார வைத்து, பத்து பில் போடச் சொல்லுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பிரிண்டர் வேலை செய்கிறதா என்பது அன்றே தெரிந்துவிடும். இந்த மாற்றத்தில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் பிரிண்டர்தான். சில லேசர் பிரிண்டர்கள் செருகியதும் ஓடும், சிலவற்றுக்கு டிரைவரைத் தேடிப்பிடித்து அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். அத்தை உட்காருவதற்கு முன்பே அந்த அரை நாளை நீங்கள் தனியாகக் கழித்துவிடுங்கள்.

அவர் சரி என்று சொன்ன பிறகு, நான் எல்லா இடத்திலும் செய்கிற ஒன்றைச் செய்யுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். கழற்றி, துணியில் சுற்றி, மேலே எந்த மெஷின் என்று எழுதிக் கடை பீரோவில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் மின்டைப் போடுங்கள், கூடவே ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். 4 ஜிபியிலும் மின்ட் ஓடும், ஆனால் குரோமில் பத்து பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். சரிவராவிட்டால் பழைய டிஸ்க்கை மாட்டினால் போதும், பத்து நிமிடத்தில் கடை நேற்று இருந்தபடி இருக்கும். அந்த டிஸ்க்கைப் பெரியப்பா கையிலேயே கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள், சாவியும் அவரிடமே இருக்கட்டும். தயங்குகிறவர்களுக்கு வேண்டியது திரும்பி வர ஒரு வழி. நான் எவ்வளவோ பேசிப் பார்த்திருக்கிறேன். துணியில் சுற்றிய அந்த டிஸ்க் கொடுத்த தைரியத்தை என் பேச்சு எந்த இடத்திலும் கொடுத்ததில்லை.

மெஷின் வேகமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு எஸ்எஸ்டியின் வேலை, லினக்ஸின் வேலை அல்ல. அதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

இதே காரணத்துக்காக, "லினக்ஸில் வைரஸே வராது" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளுக்குள் ஒரு கள்ளக்கதவு இருந்தது தெரியவந்தது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்புக்கு வந்தவர். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். தன் மெஷினுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி போல அதிகம் பிடிப்பதைப் பார்த்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் நிலையான வெளியீடுகளுக்குள் அது போய்ச் சேருவதற்குள் பிடிபட்டது. கூடி வாருகிற வாய்க்காலில் ஒருவன் விஷத்தையும் கலக்கலாம், கூடி வாருவதால்தான் அதை இன்னொருவன் பார்க்கவும் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

கூடவே ஒரு கேள்வி. இப்போது ஐந்திலும் இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்தானா? சர்வீஸ்காரர் ஏதோ 'ஆக்டிவேட்டர்' போட்டு ஓட்டியிருந்தால், அந்த நிரல் வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, மெஷினின் முழு அதிகாரத்தையும் யாரென்றே தெரியாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். 'ஓசி'யை நம்பலாமா என்ற கேள்வியை அதைப் பார்த்தும் கேட்க வேண்டும். சண்டையாகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

பெரியப்பாவின் சொந்த மெஷினை இப்போதைக்குத் தொடாதீர்கள். விண்டோஸிலேயே, வேர்டு மாதிரியே வேலை செய்யும் லிப்ரேஆபீஸை நிறுவி, அவருடைய கோயில் நோட்டீஸ்களில் ஒன்றை எடுத்து, எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருக்களில் 'அ' என்று தெரிவது உள்ளே ஏதோ ஓர் ஆங்கிலக் குறிதான், அதனால்தான் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கிறுக்கலாகப் போகிறது. பலரும் அச்செடுத்து, அதைப் போட்டோ பிடித்து அனுப்புவது இதனால்தான். யூனிகோடில் இருந்தால் அன்னதான நோட்டீஸை நேராகவே கமிட்டி ஆட்கள் போனுக்கு அனுப்பலாம், பெயர் தப்பாக இருந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம். மாற்றியதும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறும். அவர் தமிழ்99-இல் அடிக்கிறாரா, பழைய தட்டச்சு முறையிலா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் லினக்ஸில் கிடைக்கும். அவருடைய எழுத்துருக் கோப்பையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், எனக்கு அந்தத் திங்கட்கிழமை நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

தம்பி ஆடுவது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் உள்ள கேம் என்றால் பல ஓடும். போட்டியாளர் ஏமாற்றுவதைத் தடுக்கும் காவல் நிரல் வைத்த ஆன்லைன் கேம்கள் சில ஓடவே ஓடாது. அவன் ஆடுகிற கேமின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள், இல்லை என்று வந்தால் வீட்டு மெஷினை விட்டுவிடுங்கள். அவனோடு போராட வேண்டிய அவசியம் என்ன?

ஒன்று மட்டும் உங்களைப் பற்றி. 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, நம் சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. என்னிடம் ரிப்பேருக்கு வந்த அந்த லேப்டாப்களில், பிள்ளைகள் லினக்ஸ் பக்கம் போனதற்கான தடயமே அநேகமாக இருக்காது. கேட்டால், "அது என்னன்னு யாரும் சொல்லலைக்கா" என்பார்கள். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளில் லினக்ஸ் வேர்விட்டது. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்திலும் தேர்விலும் அதையே வைத்தார்கள். பிள்ளை சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வகுப்பிலேயே ஓர் ஆள் இருந்தார். உங்கள் கடையில் அந்த ஆள் நீங்கள்தான். கல்யாணம், வேலை என்று வெளியூர் போகிற எண்ணம் இருந்தால், போவதற்கு முன் கடைப் பையன் ஒருவனுக்காவது சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். உங்கள் சந்தேகத்துக்குக் கணியம் தளத்தில் தமிழிலேயே நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. சென்னை, விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் குழுக்களின் ஆட்களும் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

அவசரமும் வேண்டாம். முதல் மாதம் ஒரு கவுண்டர் மட்டும், பக்கத்துக் கவுண்டர் விண்டோஸிலேயே ஓடட்டும். இதில் ஏதாவது நின்றால் அத்தை அதில் பில் போடுவார். தீபாவளி, கல்யாண முகூர்த்த நாட்களை ஒட்டி எதையும் ஆரம்பிக்காதீர்கள், ஆடி மாதம் உங்கள் தொழிலுக்குத் தோதான நேரம். மாற்றாமல் விடுகிற மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் கூடுதல் காலப் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை, தொழில் நிறுவனங்களுக்கு ஆண்டுக் கட்டணத்தில் மூன்று வருடம் வரை. முறையான விண்டோஸாக இருந்தால் பெரியப்பா மெஷினுக்கு அதைப் பார்க்கலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

எல்லாம் செய்தும் பெரியப்பா வேண்டாம் என்றால், அவர் மேஜையில் விண்டோஸ் இருந்துவிட்டுப் போகட்டும். கவுண்டரில் நடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கப்போகிறார்.

பில் பிரிண்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தக் கவுண்டரில் முதலில் கை வைக்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா